கொடுத்தது எவ்வளவு? மாறியது எவ்வளவு?



வருஷக் கடைசியில் நலன்புரிச் சங்கங்களின் கூட்டத்தில் ஓர் அறிக்கை வாசிப்பார்கள். எத்தனை பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தோம், எத்தனை வயோதிபருக்குக் கம்பளி கொடுத்தோம், எத்தனை வைத்திய முகாம் வைத்தோம், எத்தனை காம்பராவுக்குக் கூரைத் தகரம் மாற்றினோம் என்று பட்டியல் நீளும். எல்லோரும் கை தட்டுவோம். தேத்தண்ணி குடித்துவிட்டு லயத்துக்குத் திரும்புவோம். போகிற வழியில் யாராவது ஓர் அக்கா கேட்பார்: "எல்லாஞ் சரிதான். அதுனால என்ன மாறிச்சு?"

இந்தக் கேள்வியைக் குறை சொல்கிற பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. நலன்புரி வேலைக்கு வருகிற பணத்தில் நம்முடைய சந்தாவும் இருக்கலாம், கம்பெனியின் பங்கும் இருக்கலாம், வெளியூர், வெளிநாட்டு மக்கள் மனமிரங்கிக் கொடுத்ததும் இருக்கலாம். யார் கொடுத்தாலும் அது பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் என்று சொல்லிக் கொடுத்த காசு. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் போடுவதையும் அளந்துதான் போட வேண்டும்.

எப்படி அளப்பது, அளந்ததை எப்படி எல்லோருக்கும் காட்டுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

உரமும் கொழுந்தும்

ஒரு மலைக்கு இருபது மூட்டை உரம் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது மூட்டை என்பது செலவுக் கணக்கு. அந்த மலையில் கொழுந்து எவ்வளவு கூடியது என்பதுதான் பலன் கணக்கு. உரம் போட்ட மறுநாள் பெருமழை கொட்டி எல்லாவற்றையும் ஆற்றுக்குக் கொண்டுபோயிருந்தால், புத்தகத்தில் இருபது மூட்டை இருக்கும், கூடையில் ஒன்றும் இருக்காது.

நலன்புரி வேலையும் இதே மாதிரிதான். நூறு பிள்ளைகளுக்குச் சப்பாத்து கொடுத்தோம் என்பது செலவுக் கணக்கு. சப்பாத்து இல்லாததால் பாடசாலைக்குப் போகாமல் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது போகிறார்கள் என்பதுதான் பலன் கணக்கு. முதல் கணக்குக்கு ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் போதும். இரண்டாவதுக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும்.

அளப்பது நமக்குப் புதிதில்லை. தராசு முள்ளைக் கண் எடுக்காமல் பார்த்துப் பழகினவர்கள் நாங்கள். கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள், தண்ணிக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று வாயாலேயே கணக்குச் சொல்கிற அம்மாமார் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அதே கண்ணை நலன்புரி வேலையின் பக்கமும் திருப்ப வேண்டும்.

நம் மலைநாட்டிலேயே நடந்த ஓர் அளவை

இதற்கு நல்ல உதாரணம் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. அதுதான் பூச்சிக் குளிசை.

1992-ல் பெருந்தோட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 3 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளையும், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களையும் பரிசோதித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வயிற்றில் பூச்சி இருந்தது. இந்தப் பூச்சிகள் மண் வழியாகப் பரவுகிறவை. வட்டப்புழுவின் முட்டை அழுக்குக் கையோடு வாய்க்குப் போகிறது. கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. சாப்பிட்ட சாப்பாடு பிள்ளையின் உடம்பில் ஒட்டாது. தாய்க்குச் சோகை வரும்.

1994-ல் 3 வயது முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சிக் குளிசை கொடுக்கத் தொடங்கினார்கள். 2005 வரை அது தொடர்ந்தது, பிறகு நின்றது. இத்தோடு விட்டிருந்தால், இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்பதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் குளிசை நின்று நாலு வருஷத்துக்குப் பிறகு, 2009-ல், திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகளுக்குப் போய் 1,890 பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதித்தார்கள்.

என்ன தெரிய வந்தது?

நூற்றுக்கு 29 பிள்ளைகளிடம் பூச்சி இருந்தது. தொண்ணூறுக்கு மேல் இருந்த இடத்தில் 29 என்பது பெரிய மாற்றம். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அளவை அதோடு நிற்கவில்லை. நூற்றுக்கு 12 பேர் அளவில் பூச்சித் தொல்லை நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது. ஐந்தில் நாலு மாவட்டங்களில் இன்னும் நூற்றுக்கு 20-க்கு மேல் இருந்தது. உயரம் குறைந்த தோட்டங்களிலும், தாய்மார் அதிகம் படிக்காத குடும்பங்களிலும் தொல்லை கூடுதலாக இருந்தது. வீட்டில் சரியான மலசலகூட வசதி இல்லாத பிள்ளைகளுக்கு வட்டப்புழுவும் கொழுக்கிப்புழுவும் கூடுதலாக இருந்தன.

கவனித்தீர்களா? வேலை பலித்ததா என்பதை மட்டும் அந்த அளவை சொல்லவில்லை. எங்கே பலிக்கவில்லை, யாருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அடுத்ததாக எதில் கை வைக்க வேண்டும் என்பதையும் சொன்னது. குளிசை பூச்சியைக் கொல்லும். மண்ணில் கிடக்கிற முட்டையைக் கொல்லாது. கக்கூஸ் இல்லாத லயத்தில் குளிசை மட்டும் கொடுப்பது, ஓட்டைக் கூரையின் கீழ் வாளி வைக்கிற மாதிரி.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1992-ல் பரிசோதித்ததும் 2009-ல் பரிசோதித்ததும் ஒரே வகை ஆட்களை அல்ல. முதல் தடவை சிறு பிள்ளைகளும் பெண்களும், இரண்டாம் தடவை பாடசாலைப் பிள்ளைகள். அந்தப் பதினேழு வருஷத்தில் மலசலகூடங்களும் கட்டப்பட்டன, பாடசாலைக்குப் போகிறவர்களும் கூடினார்கள். ஆகவே குறைந்தது முழுவதும் குளிசையால்தான் என்று யாரும் மார்தட்ட முடியாது. குளிசைக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொல்லலாம். அவ்வளவுதான் சொல்லலாம்.

நல்ல மனசு மட்டும் போதுமா?

நம்மைப் போலவே தேயிலை வளர்க்கிற நாடு கென்யா. அங்கே மேற்குப் பகுதியில் 1990களில் ஓர் உதவி நிறுவனம் கிராமப் பாடசாலைகளுக்குப் பாடப் புத்தகம் கொடுத்தது. பல பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம் என்ற நிலைமை அங்கே இருந்தது. புத்தகம் கிடைத்தால் படிப்பு உயரும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவர் யார்?

ஆனால் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எல்லாப் பாடசாலைக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணம் போதாது. அதனால் முதலில் எவற்றுக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். பிறகு புத்தகம் கிடைத்த பாடசாலைகளின் புள்ளிகளையும், கிடைக்காத பாடசாலைகளின் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சராசரிப் புள்ளி உயரவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் பலன் கிடைத்திருந்தது.

காரணம் என்ன? புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்குள்ள அநேகமான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வாசிக்கவே தெரியாத புத்தகத்தை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்?

கொடுத்தவர்களின் மனசில் குறை இல்லை. கணக்குப் புத்தகத்திலும் குறை இல்லை. அளந்து பார்த்திராவிட்டால், வருஷா வருஷம் அதே புத்தகத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள், பின்வாங்கில் இருக்கிற பிள்ளை பின்வாங்கிலேயே இருந்திருக்கும். அந்த வட்டாரத்தில் இப்படிச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவரான மைக்கல் கிரேமர், வறுமையைக் குறைக்கும் வழிகளைச் சோதனை செய்து அறியும் முறைக்காக 2019-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து நொபெல் பரிசு பெற்றார்.

நம் தோட்டத்தில் எப்படிச் செய்வது?

பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை. மாதர் சங்கமும், பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரும், உயர்தரம் படித்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் செய்யலாம். ஒரு கொப்பி, ஒரு பேனை, கொஞ்சம் பொறுமை போதும்.

1. தொடங்கு முன் எழுதுங்கள். பீலித் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போகிறீர்களா? குழாய் போடும் முன்பே லயம் லயமாகப் போய், "போன ரெண்டு கிழமையில புள்ளைக்கு வயித்தோட்டம் வந்துச்சா?" என்று கேட்டு எழுதுங்கள். தண்ணீர் எடுக்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்றும் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு "முந்தி எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை வரும்.

2. ஒரே காலத்தோடு ஒப்பிடுங்கள். வெயில் காலத்து வயிற்றோட்டத்தையும் மழைக் காலத்து வயிற்றோட்டத்தையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். இந்த வருஷ நவம்பரைப் போன வருஷ நவம்பரோடுதான் பார்க்க வேண்டும்.

3. தலைகளை எண்ணினால் போதாது, நூற்றுக்கு எத்தனை என்று பாருங்கள். ஒரு பாவனைக் கணக்குப் போடுவோம். போன வருஷம் ஒரு டிவிஷனில் 60 சிறு பிள்ளைகள் இருந்தார்கள், 24 பேருக்கு வயிற்றோட்டம் வந்தது. இந்த வருஷம் 18 பேருக்குத்தான். ஆறு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் பல குடும்பங்கள் கொழும்புக்குப் போய்விட்டதால் இப்போது பிள்ளைகளே 45 பேர்தான் என்றால்? அப்போதும் நூற்றுக்கு 40, இப்போதும் நூற்றுக்கு 40. ஒன்றும் மாறவில்லை.

4. பக்கத்து டிவிஷனையும் பாருங்கள். இன்னொரு பாவனைக் கணக்கு. குழாய் போட்ட டிவிஷனில் 60 பிள்ளைகள், வயிற்றோட்டம் 24-லிருந்து 12-க்குக் குறைந்தது. குழாய் போடாத பக்கத்து டிவிஷனிலும் 60 பிள்ளைகள், அங்கே 20-லிருந்து 16-க்குக் குறைந்தது. அதாவது ஒன்றுமே செய்யாத இடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மழை குறைவாகப் பெய்திருக்கலாம், மருத்துவ மாது வந்து சொல்லிக் கொடுத்திருக்கலாம். நம் டிவிஷனிலும் எப்படியும் அந்த ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று வைத்தால், 24 ஏறக்குறைய 19 ஆகியிருக்கும். ஆனால் 12 ஆகிவிட்டது. ஆகவே குழாயின் பலன் ஏழு பிள்ளைகள் அளவில்தான், பன்னிரண்டு அல்ல. ஏழு பிள்ளைகளும் சின்ன விஷயமா? இல்லை. ஆனால் ஏழை ஏழு என்றுதான் சொல்ல வேண்டும்.

5. விடுபட்டவர்களைத் தேடுங்கள். செக்ரோலில் பெயர் உள்ளவர்களின் பட்டியலை வைத்து உதவி கொடுத்தால், பெயர் இல்லாதவர்கள் தானாகவே விடுபடுவார்கள். கைக்காசு வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிமார், தாய் வெளிநாட்டில் இருக்க அம்மாயியோடு வளர்கிற பிள்ளைகள், நடக்க முடியாமல் காம்பராவுக்குள்ளேயே இருப்பவர்கள் ஆகியோரைக் கேளுங்கள். கடைசி லயத்துக் கடைசிக் காம்பராவுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் நலன்புரி வேலைக்கு உரைகல்.

6. மற்றவர்களின் பங்கையும் சொல்லுங்கள். ஒரு பிள்ளை தேறியதற்கு அரசாங்கத்தின் சத்துமாவு, மருத்துவ மாதுவின் வருகை, தாயின் கவனம், சங்கத்தின் மதிய உணவு எல்லாமே காரணமாக இருக்கலாம். எல்லாம் எங்களால்தான் என்று எழுதினால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

பிள்ளையின் உயரம் சொல்கிற கதை

பிள்ளை மடுவம் என்று பெரியவர்கள் சொன்ன, இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மாதா மாதம் நிறை பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் நிறை ஒரு காய்ச்சலில் இறங்கும், நாலு நல்ல சாப்பாட்டில் ஏறும். பல மாதச் சத்துக் குறைவைக் காட்டுவது வயதுக்கேற்ற உயரம்தான்.

2016-ல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17.3. தோட்டப்புறத்தில் 31.7. அதாவது மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற அளவு. இந்த ஓர் எண் எத்தனை கூட்டத்துப் பேச்சுக்கும் சமம். "எங்க புள்ளைங்க பாவம்" என்று சொன்னால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டுப் போவார். 31.7 என்று சொன்னால் அவர் பதில் சொல்ல வேண்டும்.

உயரம் பார்க்கும்போது சப்பாத்தைக் கழற்றி, குதிக்காலும் முதுகும் தலையும் சுவரில் படும்படி நிறுத்த வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் நீளம் பார்க்க வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் பார்க்க, இரண்டு பேராவது வேண்டும். நிறைத் தராசையும் அடிக்கடி சோதியுங்கள். கடையில் வாங்கிய பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பைகள் ஐந்தை வைத்தால் ஐந்து கிலோ அளவில் காட்டுகிறதா? கொழுந்துத் தராசு பிழையென்றால் பெரட்டுக் களத்தில் சத்தம் போடுகிறோம். பிள்ளைத் தராசு பிழையென்றால் சும்மா இருக்கலாமா?

யார் கேட்கிறார், எப்படிக் கேட்கிறார்?

எண்ணால் சொல்ல முடியாதவையும் உண்டு. பிள்ளையை நல்ல கையில் விட்டுவிட்டு மலைக்குப் போகிற தாயின் மன நிம்மதிக்குத் தராசு இல்லை. அதை அவர் வாயால் கேட்டு, அவர் சொன்னபடியே எழுத வேண்டும்.

ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. கம்பளி கொடுத்த சங்கத்துக் காரியதரிசியே வந்து நின்று "கம்பளி நல்லா இருந்திச்சா அம்மா?" என்று கேட்டால், "நல்லா இருந்திச்சுங்க ஐயா" என்றுதான் பதில் வரும். அடுத்த தடவை தன் பெயர் விட்டுப்போகக் கூடாதே என்ற பயம். அதனால் வேறு டிவிஷன் ஆள் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். நல்லா இருந்ததா என்று கேட்காமல், "நேத்து ராத்திரி என்னத்தப் போத்திக்கிட்டுப் படுத்தீங்க?" என்று கேளுங்கள். உண்மை அங்கே வரும்.

மானத்தையும் காக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு நிறை குறைவு, எந்த வீட்டில் குடிப் பிரச்சினை, எந்தக் குடும்பம் கடனில் இருக்கிறது என்பதெல்லாம் கொப்பிக்குள் இருக்க வேண்டியவை. பலகையில் எண் மட்டும் வரலாம், பெயர் வரக் கூடாது. உதவி வாங்குகிறவரைப் படம் எடுப்பதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் படம் இல்லாமலே உதவி கிடைக்க வேண்டும்.

காட்டுவது எப்படி?

அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கொழும்புக்குப் போனால் மட்டும் போதாது. யாருக்காகச் செய்த வேலையோ அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் பட வேண்டும். பெரட்டுக் களத்துச் சுவரிலோ, பிள்ளைக் காம்பராவின் வாசலிலோ, கோயில் பக்கத்திலோ ஒரே ஒரு தாள் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில், தமிழில், ஐந்து வரி போதும்:

வந்த பணம் எவ்வளவு, எங்கிருந்து.
செலவழித்தது எவ்வளவு, எதற்கு.
தொடங்கும்போது நிலைமை என்ன, இப்போது என்ன.
எது சரிவரவில்லை.
அடுத்து என்ன செய்யப் போகிறோம், யாரிடம் கேட்கலாம்.

நாலாவது வரியைத்தான் பல சங்கங்கள் விட்டுவிடுகின்றன. சரிவராததைச் சொன்னால் பணம் கொடுக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம். ஆனால் எல்லாமே வெற்றி என்று எழுதுகிற அறிக்கையை அனுபவம் உள்ளவர்கள் நம்புவதில்லை. இது சரிவரவில்லை, இதனால்தான், இப்படி மாற்றுகிறோம் என்று எழுதுகிற சங்கத்தை நம்பித்தான் அடுத்த வருஷமும் கொடுப்பார்கள்.

வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்க நேரம் விடுங்கள். முதல் கேள்வியைப் பெண்களைக் கேட்கச் சொல்லுங்கள். தண்ணீரும் பிள்ளையும் அடுப்பும் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் எது மாறியது என்று முதலில் தெரியும்.

இது யாருக்கு லாபம்?

அளந்து காட்டினால் சங்கத்துக்குப் பணம் வரும் என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் நமக்கு உண்டு. உதவித் திட்டங்கள் வரும், போகும். பூச்சிக் குளிசை 2005-ல் நின்ற மாதிரி எதுவும் ஒரு நாள் நிற்கலாம். நிறுத்தலாமா, தொடரலாமா என்று எங்கோ ஓர் அறையில் தீர்மானிக்கும்போது, கையில் கணக்கு இருக்கிற தோட்டம்தான் பேச முடியும். "இதை நிறுத்தாதீங்க, இத்தனை பிள்ளைகளுக்கு இப்படி மாறியிருக்கு, இன்னும் இத்தனை பேருக்கு வந்து சேரலை" என்று சொல்ல முடியும். கணக்கு இல்லாவிட்டால் கெஞ்சத்தான் முடியும்.

அதே கணக்கு நமக்கு ஒரு கடமையையும் தருகிறது. பலன் இல்லாத வேலையை, எத்தனை வருஷப் பழக்கமாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். அந்தக் காசைக் கக்கூஸுக்கோ குழாய்க்கோ மாலை வகுப்புக்கோ திருப்ப வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இந்தப் பத்திரிகையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பட்டியல் வாசித்து முடிந்து கை தட்டியதும், மரியாதையாக எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, கொடுத்ததைச் சொன்னீங்க, சந்தோஷம். மாறினதையும் சொல்லுங்க." பதில் அன்றைக்கே வராவிட்டாலும், அடுத்த வருஷம் யாராவது ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்குவார்கள்.